தூண் மறைக்கும் கதிரை

எழுபத்திரண்டு பேர்
ஒரேயடியாய் மூச்சிழுத்துப் பாட ஓர் இடம்.
அதைத் தேடித்தான்
அளவுநாடாவும் வெண்கட்டியும் பையில் போட்டுக்கொண்டு
யூட்சனின் மோட்டார் சைக்கிளில்
பத்து நாளாய் வன்னியைக் குறுக்கும் நெடுக்கும் தைத்தேன்.

கிளிநொச்சியில் புது மண்டபம்.
குளிரூட்டி, சிவப்புக் கதிரை, அறுநூறு.
மேடையோ பதினெட்டடி ஆழம்.
எங்கள் இரண்டாம் அங்கத்தில் ஓர் ஆறு வருகிறது,
நாற்பது பேர் நீலத் துணி பிடித்து வருகிற ஆறு.
பதினெட்டடிக்குள் அது
வாய்க்கால்கூட இல்லை, குழாய்த் தண்ணீர்.
நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினேன்.
சுவர் மூன்றுமுறை தட்டியது.
"பேச்சுக்குக் கட்டினது, பிள்ளை,
பாட்டுக்கில்லை" என்றார் காவலாளி,
எத்தனையோ பேர் கைதட்டிப் போனதைப் பார்த்த முகத்தோடு.

ஒட்டுசுட்டானில் கலியாண மண்டபம்.
உரிமையாளர் கேட்டது ஒன்றே:
"வெடிச் சத்தம் ஏதும் வருமோ?"
இடி உண்டு, மூன்றாம் அங்கத்தில்,
தகரத் தகடு ஆட்டுவது, என்றேன்.
அவர் கொஞ்சநேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"தவிலாலை செய்யேலாதோ?"
அன்றிரவே கிருபைராசாவிடம் சொன்னேன்.
தகடு போயிற்று. இடி தவிலுக்கு மாறியது.
மண்டபம் கிடைக்கவில்லை,
வைகாசி முழுக்கத் தாலிகட்டு.

முல்லைத்தீவில் கடற்கரை மைதானம்.
ஆழம் உண்டு, அகலம் உண்டு, வானம் இலவசம்.
காற்றுத்தான் மெய்யெழுத்தையெல்லாம் தின்றுவிட்டு
உயிரெழுத்தை மட்டும் மிச்சம் விட்டது.

புதுக்குடியிருப்பில் ஒரு வெட்டை.
விளக்குக் கோபுரத்துக்கு நாலடிக் குழி வேண்டும்.
கண்ணிவெடி எடுத்தாயிற்று, கடிதம் இருக்கு என்றார்கள்.
எத்தனை அடி ஆழத்துக்கு என்று
யூட்சன் கேட்டான்.
கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
பின்பக்கம் வெறுந்தாள்.

மதுரநாயகி, இசையமைத்தவள், பொறுமை இழந்தாள்.
"சனம் எங்கையிருந்து வரும்,
எப்பிடித் திரும்பிப் போகும்,
அதைச் சொல்லு முதலிலை."
நான் அளந்ததெல்லாம் மேடை.
பஸ்ஸை அளக்க மறந்துபோனேன்.

மாங்குளம் சந்தித் தேநீர்க் கடையில்
கடைசி பஸ்களை ஒரு தாளில் எழுதினேன்.
மல்லாவி, துணுக்காய், முல்லைத்தீவு, வவுனியா,
எல்லாக் கோடும் நான் குடித்துக்கொண்டிருந்த
கோப்பைக்கு அடியில் வந்து நின்றது.
கடைக்குப் பின்னால்
கூரை போடாமல் ஒப்பந்தக்காரர் விட்டுப்போன நெற்களஞ்சியம்:
மூன்று சுவர், நாற்பதடி ஆழம்,
மூலையில் யாரோ கட்டிய ஆடு.
கைதட்டினேன்.
ஒருமுறைதான் கேட்டது.
ஆடு நிமிர்ந்து பார்த்தது.

மழை வராது என்று மூன்று பேர் சத்தியம் செய்தார்கள்.
எட்டு இருபதுக்கு ரயில் கூவும், அதற்கு யாரும் சத்தியம் செய்யவில்லை.
மதுரநாயகி இரண்டு இரவு தண்டவாளத்தருகே நின்று
அது எந்தச் சுருதி என்று பிடித்துவந்து
ஆற்றுப் பாட்டை அரைக்கட்டை இறக்கினாள்.
பிந்தினால்? என்றேன்.
"பிந்தும். ஆறு நிக்கட்டும்."
டிப்போவில் நேரக்காப்பாளர் பஸ்களை
முக்கால் மணி பிடித்துவைக்கச் சம்மதித்தார்.
அவர் மகளுக்கு நீலத் துணியில் ஒரு நுனி கொடுத்தோம்.

கடைசிச் சிக்கல், இடப்பக்கம் மூன்றாம் தூண்.
எப்படி நகர்த்தினாலும்
ஒரு கதிரைக்கு மேடை தெரியாது.
ஒத்திகை நடக்க அதில் இருந்து பார்த்தேன்.
பூசாத சீமெந்து,
அதில் ஒரு மேசன் கரியால் போட்ட கூட்டல் கணக்கு,
விடை பிழை.
ஆறு அந்தப் பக்கத்தால் வந்து
இந்தப் பக்கத்தால் போவது
முழுக்கக் கேட்டது.

ரிக்கற் புத்தகத்தில்
ஏழாம் வரிசை பதினாலுக்கு எதிரே
'விற்க வேண்டாம்' என்று எழுதினேன்.
பிறகு அதை வெட்டிவிட்டு
'அரை விலை' என்று எழுதினேன்.