எட்டில் ஒன்று

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுகளைத்தான் தெருக்களுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள்.
வூட்ச் நகரத்தில் லிஃப்டுகளைச் சோதிப்பவள் நான்.
பன்னிரண்டு மாடி இரும்புக் கயிற்றை
விரலால் தடவியே வயது சொல்வேன்.
அந்தத் துணிச்சலில்தான் வாங்கினேன்
சனிக்கிழமைச் சந்தையில்
ஈரக் காலணிகளுக்கும் பிடியில்லாத வாணலிகளுக்கும் நடுவே கிடந்த
அட்டாரியை.
"ஓடாது" என்றான் விற்றவன்.
அந்த நேர்மைக்காகவே பேரம் பேசவில்லை.

ஓடவில்லைதான்.
டிவியில் பழுப்பு நிறம்,
ஆறிப்போன தேநீரின் அடிவண்டல் மாதிரி.
அதற்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை.

வியாழக்கிழமைகளில், சைக்கிள் கடையின் பின்னறையில்
இதற்கென்றே சிலர் கூடுவார்கள்.
யாக்னா, பல் கட்டும் கூடத்தில் வேலை,
பூதக்கண்ணாடியை நெற்றியிலேயே மாட்டிக்கொண்டு
டிராமில் ஏறிவிடுவாள்.
டோபியாஷ் வரைபடம் பார்க்காமலே பழுதைச் சொல்வான்;
பெரும்பாலும் தப்பாக, எப்போதும் உரக்க.
செவெரின் பேசமாட்டான்.
கசகசா கேக் கொண்டுவருவான்,
துகள் போர்டில் விழுந்துவிடும் என்று
கதவோரம் நின்றே தின்பான்.

நினைவு சிப்புகள் எட்டு. வரிசையாக, ஒரே அச்சு.
எது செத்தது?
நல்ல சிப் ஒன்றை எடுத்து
ஒவ்வொன்றின் முதுகிலும் ஏற்றிப் பார்க்கச் சொன்னாள் யாக்னா.
உப்புமூட்டை.
அணைத்து, ஏற்றி, போட்டுப் பார்த்து,
மறுபடி அணைத்து.
ஏழாவதன் முதுகில் ஏறியதும்
திரை நீலமாயிற்று, ஒரு மூச்சு நேரம்.
டோபியாஷ் "நான் அப்போதே சொன்னேன்" என்றான்.
சொல்லவில்லை.

செத்ததைக் கழற்றினேன்.
செவெரின் டப்பாவில் மிச்சம் இருந்த ஒரே ஒரு சிப்,
தன் கையாலேயே தந்தான்.
சிப்பின் தலையில் பிறை போல ஒரு வெட்டு இருக்கும்;
அது எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று
போர்டில் வரைந்தே வைத்திருக்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை.
பதினாறு கால்களையும் அழகாகப் பற்றவைத்தேன்,
தலைகீழாக.

சுவிட்சைப் போட்டதும் வந்த நாற்றம்
இன்னும் என் மேல்கோட்டில் இருக்கிறது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை;
அதுதான் தாங்கவில்லை.
டோபியாஷ்கூட வாயைத் திறக்கவில்லை.

செவெரின் கேக்கைக் கீழே வைத்தான்.
கையைக் கால்சட்டையில் துடைத்தான்.
அலமாரியிலிருந்து தன் சொந்த அட்டாரியை இறக்கினான்,
போன வாரம்வரை நாங்கள் விளையாடிய அதே பெட்டி.
திருகாணிகள் ஐந்தையும் மூடியில் போட்டான்.
ஈயத்தை உறிஞ்சி உறிஞ்சி, கால் மணி நேரம்,
ஒரு சிப்பை எடுத்து என் பக்கம் நகர்த்தினான்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"பிறை" என்றான்.
அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

நீலம்.
நிஜமான நீலம்.
மூலையில் 'ரெடி' என்ற சொல், அதன் கீழ் ஒரு வெள்ளைச் சதுரம்.
நாலு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.
அடுத்து என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.
"அணைத்துப் போடு" என்றாள் யாக்னா.
அணைத்துப் போட்டேன். மறுபடி நீலம்.

இப்போது இரவுகளில் எதையாவது தட்டுகிறேன்.
லிஃப்ட் எண், பால் கணக்கு, என் பெயர்.
இந்தப் பெட்டியில் ஓர் எழுத்து
ஒரே இடத்தில் தங்குவதில்லை.
எட்டு சிப்பும் ஆளுக்கொரு ஆம் அல்லது இல்லை சொல்ல,
அதைச் சேர்த்துத்தான் ஓர் எழுத்து.
ஹால்ஷ்கா என்று நான் தட்டினால்
அதன் ஒவ்வோர் எழுத்துக்கும்
எட்டில் ஒரு பதில் செவெரினுடையது.
பேசாதவன்,
என் எல்லாச் சொல்லிலும் இருக்கிறான்.
அவனிடம் இதைச் சொல்லவில்லை,
கேக் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

சிப் தபாலில் வர ஐந்து வாரம் ஆனது.
அந்த வியாழன் மேசைமேல் கிடந்தது அவன் பெட்டி,
ஏழு சிப்பும் ஒரு பொக்கையுமாக.
சூட்டுக்கோலை என்னிடம் நீட்டினான்.
பிறை எந்தப் பக்கம் என்று
மூன்று முறை பார்த்தேன்.
நாலாவது முறை
அவனும் குனிந்து பார்த்துக்கொண்டான்.