வெறும் லோரியின் எடை

பகலில் பஹாவ் செம்பனை ஆலையில்
எடைமேடை வேலை.
குலையோடு ஏறுகிற லோரி
கொட்டிவிட்டு மறுபடி ஏறும்.
அதன் சொந்த எடை கழிந்ததுதான் கணக்கு.
நடுவில் ஒருநாள் சிங்காரவேலு
தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டான்,
வெறும் லோரி இளைத்துத் தெரியட்டும் என்று.
ஈரச் சக்கரம் காட்டிக்கொடுத்தது.

இரவில் டாக்டர் அமிர்தநாதனின் ஆய்விதழுக்கு
மேற்கோள் பட்டியல் பார்க்கிறேன்.
பக்கத்துக்கு இரண்டு ரிங்கிட்.
‘கட்டுரை நன்று. நம் இதழிலிருந்து
இன்னும் ஐந்து சேர்த்தால் ஏற்கலாம்.’
இந்தக் கடிதத்தை முப்பது தடவை
நானேதான் தட்டினேன்.
எலி பற்றிய கட்டுரைக்குள்
உரம் பற்றி ஐந்து.

நாற்பது கட்டுரை, நூற்று அறுபத்து நான்கு மேற்கோள்.
தாக்கக் குறியீடு நான்கு புள்ளி ஒன்று.
கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு.

வீட்டுக்கு வந்து, பழக்கதோஷம்,
வெறும் லோரியை ஏற்றிப் பார்த்தேன்.
தன்னைத் தானே சொன்னவை நூற்றுப் பன்னிரண்டு.
மிச்சம் ஒன்று புள்ளி மூன்று.

அந்த மிச்சத்தில்
கானாவிலிருந்து யாரோ அபேனா.
எங்கள் கிராணி கூகையைப் பற்றி எழுதிய
ஒன்றரைப் பக்கக் குறிப்பைத்
தேடிப் படித்திருக்கிறாள்.
பக்க எண்கூடச் சரி.

நாளை முப்பத்தோராவது கடிதம்.
தட்டுவேன்.
சக்கரம் ஈரமாகத்தான் இருக்கும்.