ஒரு தலை கூடுதல்

ஞாயிறு காலை ஏழரை.
தம்புச் செட்டித் தெருவில்
ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தால்தான்
கட்டடங்களுக்கு முகம் தெரியும்.
மடக்கிய குடையைத் தூக்கிப் பிடிக்கிறேன்.
பதினாறு தொப்பிகள் அண்ணாந்து பார்க்கின்றன:
வளைவு, மரச்சட்டம், கம்பெனி காலத்துச் சுண்ணாம்பு.
லிமாவிலும் இதே மஞ்சள்தான் என்கிறாள் ஒருத்தி,
சுவரைத் தடவி
விரலில் ஒட்டியதை முகர்ந்தபடி.

பாரிமுனையில் எண்ணிப் பார்த்தால்
பதினேழு.

மூட்டை தூக்கும் தேசப்பன்,
சும்மாட்டைக்கூட அவிழ்க்காமல்
பின்னாலேயே வந்திருக்கிறார்.
"இருவது வருசமா அந்தத் தூண்லதான்
சாஞ்சி பீடி குடிக்கிறேன்.
ஒருத்தனும் சொல்லல பாரு."

தேநீர் வந்தது. அவருக்கும் ஒன்று.
ஊதிக் குடித்துவிட்டு
மெதுவாகக் கேட்டார்:
"மேல, ரெண்டாவது ஜன்னல்ல
பச்சப் பாவாட ஒண்ணு காயுதே,
அது யாருதுன்னு சொல்லாம வன்ட்டியே?"