உயிர் பிழைத்தவை

பஸ்ஸிலிருந்து பார்த்தால் போன வருஷம்வரை அது பச்சை மலை.
அக்கரைப்பற்றுச் சந்தியில்
புட்டை இலையில் மடித்துத் தந்தவர் கேட்டார்:
"நல்லா இருந்த மலையை மொட்டையடிச்சுப் போட்டீங்களே, ஏன்?"

சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
அவர் பார்த்த பச்சை முழுக்க நாயுண்ணி.
மேலே மஞ்சளும் இளஞ்சிவப்புமாய்ச் சிரிக்கும்.
குனிந்து உள்ளே பார்த்தால்
ஒரு புல் இல்லை, ஒரு முளை இல்லை,
காய்ந்த சருகும் இருட்டும்.

வெட்டினால் போகாது. வெட்டிய இடத்தில் நான்காய் வரும்.
தண்டு வேராகும் இடத்துக்கு மூன்று விரல் கீழே
அலவாங்கை இறக்கி அறுத்து,
தலைகீழாய்ப் பாறையில் காயப்போட வேண்டும்.
றம்ஸியா பல் பிடுங்குகிற மாதிரிச் செய்வாள்.
கிருபைராசா அதோடு சண்டை பிடிப்பான்,
பின்னேரம் கை முழுக்கக் கீறலோடு இறங்குவான்.

விதைக்கு எங்கே போவது?
பெயர் பாலையடி மலை. பாலை பெயரில்தான் இருந்தது.
தெற்குச் சரிவில் மட்டும்,
மண்டையோட்டுப் பலகை தொங்கிய காலம் முழுக்க
எவரும் கோடரியோடு நுழையாத அரை ஏக்கர்.
வெடி எடுத்தவர்கள் சிவப்புத் தடிகளைப் பிடுங்கிப் போன பிறகு
பார்த்தோம்:
பாலை, வீரை, பனிச்சை, உலுவிந்தை.
பயம் வேலி போட்டு வளர்த்த காடு.
பழம் பொறுக்க இன்றைக்கும்
முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்தில்தான்
கால் வைக்கிறோம்.

முதல் மாரிக்கு நட்டது ஆயிரத்து இருநூறு.
இரண்டாம் வரிசையை யானை எடுத்துக்கொண்டது.
கீழ்ச்சரிவை யாரோ எறிந்த பீடி.
மீதியில் பாதியைக் கச்சான் காற்று.

கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் ஒரு நிரல்:
உயிர் பிழைத்தவை, எண்ணிக்கை.
"இதே கேள்விதான்," என்றான் கிருபைராசா,
"பள்ளிக்கூட முகாமிலயும். எனக்கு அப்ப ஆறு வயசு.
என்னை ரெண்டு தரம் எண்ணிப்போட்டாங்க."
சிரித்தான். நாங்கள் சிரிப்பதா என்று தெரியாமல்
முழங்காலில் நின்று எண்ணினோம்.
முந்நூற்று நாற்பத்தொன்று.
மூன்று வருஷப் பாலை
என் சாண் அளவுகூட இல்லை.

பிறகு றம்ஸியா கூப்பிட்டாள்.
பாறை இடுக்கில் கரடி போட்டுப் போன பழைய எச்சம்.
அதில் பாலை ஒன்று, நாங்கள் நடாதது,
இரண்டு இலை விட்டிருந்தது.
அதே எச்சத்தில், அதைத் தொட்டுக்கொண்டு,
நாயுண்ணி மூன்று.

"கரடிக்கிட்ட யாரும் ஊர் எதெண்டு கேக்கல்ல" என்றாள்.
சொல்லிக்கொண்டே மூன்றையும்
பாலையின் வேர் அசையாமல்
நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

நடாததற்குப் படிவத்தில் இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

இறங்கி வந்து பஸ் ஏறினோம்.
ஜன்னலோரத்திலிருந்து பார்த்தேன்.
மொட்டைதான்.