வெறும் லோரியின் எடை

பகாவ் அஞ்சலகத்தில் கையெழுத்துப் போட்டு
பதினோராவது பொட்டலம் வாங்கினேன்.
வாசலிலேயே பிரித்து
முதலில் பின்னட்டை.
எழுதியவர் போதகர்.
அதற்கு முன்பு நாத்திகராம்.
இதுவும் அந்த லோரிதான்.

செம்பனை ஆலையில் நான் எடைப்பாலக் கிராணி.
குலையோடு வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை.
வரும்போது ஓட்டுநரோடு கூட்டாளியும் உள்ளே இருப்பான்.
போகும்போது மட்டும்
தே ஓ குடிக்க இறங்கியிருப்பான்.
எந்த மரத்திலும் காய்க்காத அறுபது கிலோ பழம்
ரசீதில் ஏறிவிடும்.
பத்தொன்பது வருஷமாக
ஜன்னலைத் திறந்து நான் கேட்பது ஒன்றே:
உள்ளே யார்?

பங்குக்கோயில் அலமாரிச் சாவி
உபதேசியார் அருளப்பனிடம்.
"எல்லாக் கேள்விக்கும் இதுல பதில் இருக்கு சார்."
இருந்தது.
கேள்விதான் என்னுடையது இல்லை.
அதில் சந்தேகப்படுகிறவன் ஒருவன் வருகிறான்,
மூன்றாம் பக்கத்தில் திக்குகிறான்,
ஒன்பதில் முழங்காலிடுகிறான்.
இத்தனை வருஷச் சந்தேகத்தில்
ஒரு நாளும் நான் அவ்வளவு மட்டமாய் வாதாடியதில்லை.

சங்கத்துத் தனபாலன் மறுதரப்புப் புத்தகம் ஒன்று தந்தார்.
முன்னுரையிலேயே அது சிரிக்க ஆரம்பித்துவிட்டது.
டயர் கடை மாடிச் சபையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம்.
ஆ ஹெங் கடையில்
பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களுக்குப் பின்னால் இரண்டு,
முத்திரை குத்தியவை:
முஸ்லிம் அல்லாதவர்களுக்கு.
யாருக்கு இல்லை என்பது தெளிவு.
புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்,
எனக்கா என்று எதிலும் போடவில்லை.

கோமளவல்லிக்கு
பாஸ்கா இரவில் திருமுழுக்கு.
"நீங்களும் வாங்களேன்" என்றாள்,
ஒரே ஒரு தடவை.
இன்னொரு தடவை கேட்டிருந்தால்
மறுத்திருப்பேன், தூங்கியிருப்பேன்.
கேட்கவில்லை.
சட்டைகளை மடித்தாள். மீன் பொரித்தாள்.
ஆகவே இந்த முந்நூற்று நாற்பது ரிங்கிட்,
ஆகவே நடுநிசியில் மேசை விளக்கு,
ஆகவே
கல்லறை காலியாக இருந்ததா,
யார் பார்த்தது,
எத்தனை வருஷம் கழித்து எழுதினார்கள்,
எழுதியதில் அவர்களுக்கு என்ன லாபம், என்ன நட்டம்?

ஏழாவது புத்தகத்தில் மட்டும் ஓர் இடம்.
சான்றுகளை அடுக்கிக்கொண்டே வந்தவர்
'இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை'
என்று எழுதிவிட்டு
அடுத்த பத்திக்குப் போகிறார்,
குடை மறந்த கடையைத் தாண்டிப் போவதுபோல.
பென்சிலால் கோடு போட்டேன்.
கோமளம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"இது எந்தப் பக்கம் பேசுது?"
"இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம்."
சிரித்தாள்,
ரொம்ப நாள் கழித்து.

நேற்று கடைசி லோரியும் போன பிறகு
எடைப்பாலத்தில் நானே ஏறி நின்றேன்.
ஜன்னல் வழியே சிவப்பு எண்: எழுபது.
அந்தப் புத்தகத்தோடு மறுபடி ஏறினேன்.
எழுபது.
பத்துப் பத்தாய்த்தான் காட்டும் அது,
சில்லறையை விழுங்கிவிடும்.
கம்பெனிக்கு அது போதும்.
தகடெல்லாம் மழைச் சேறும் நசுங்கிய பழமும்.
நான் அங்கே நிற்க, அதோ என் நாற்காலி,
என் விசிறி, என் ரசீதுக் கட்டு.
அந்தக் கண்ணாடி அறைக்குள் யார் என்று
எந்த ஓட்டுநரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

சனிக்கிழமை இரவு வேலையை
சகாதேவனோடு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.
பாரத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
'குடும்பம்' என்று எழுதினேன்.

பதினோராவது மேசையில் கிடக்கிறது,
பின்னட்டை கீழே இருக்கும்படி.