ஆகு

வென்னெலாவுக்குத் தமிழ் வராது.
நில் என்று நூறு முறை சொன்னாலும்
காதை மட்டும் பின்னால் திருப்பிவிட்டு ஓடும்.
ஆகு என்றால் நிற்கும்.
தெலுங்கில் அதற்கு நில் என்று பொருள்.
எங்கள் பக்கம் அதே சொல்லை வைத்துத்தான்
நீ என்னவாக ஆகப்போகிறாய் என்று
கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள்.

பள்ளிப்பட்டிலிருந்து ஓபுல் ரெட்டியின் மாந்தோப்புக்குப்
பதினோரு கிலோமீட்டர்.
நடுவில் ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்கும்.
தார் நிறம் மாறும்,
வேறொன்றும் மாறாது. கரும்பு கரும்புதான்.
வியாழனும் ஞாயிறும்
இரவு ஷிப்ட் முடித்த அப்பா
தலையில் பஞ்சோடு தறிக்கூடத்திலிருந்து நேராக வந்து
டிவிஎஸ்ஸை உதைப்பார்.
நான் ஏறிச் சுற்றும்போது
மாமரத்தில் முதுகைச் சாய்த்துத் தூங்குவார்.
வாய் திறந்திருக்கும்.
ஒவ்வொரு சுற்றிலும் அந்த வாயைக் கடந்துபோவேன்.

துள்ளுநடைக்கு எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து
போக வேண்டும். எனக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது.
ரெட்டிக்கு ஆச்சரியம்.
பிறந்ததிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம்
அதே தாளத்தில் தறி ஓடுவது
அவருக்குத் தெரியாது.

அவர் பாதிக் காசுதான் வாங்குகிறார்;
மீதிக்கு லாயம் கூட்டிக் கொள்ளு ஊறவைத்துவிட்டு வருகிறேன்.
அந்தப் பாதியையும் அம்மா
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கிறாள்.
யாரிடமும் காட்டமாட்டாள்.
காற்றடித்தால் காலண்டரே காட்டும்.

அரையாண்டில் கணக்கு நாற்பத்தொன்று.
ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு
அம்மா பேனாவை மூடாமல் வைத்திருந்தாள்.
"குதிரை மேல இருக்கறப்ப இவ கூன் போடறதில்ல, பாத்தியா"
என்றார் அப்பா.
அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை.
அம்மாவுக்கும்.

அன்றிலிருந்து திரும்பும் வழியெல்லாம்
அப்பாவின் காதில் கணக்கைக் கத்திக்கொண்டு வந்தேன்.
சைன் ஸ்கொயர் தீட்டா கூட்டல் காஸ் ஸ்கொயர் தீட்டா
ம்.
தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து
ம்.
எனக்குப் படிப்பு, அவருக்கு விழிப்பு,
ஒரே பெட்ரோலில் இரண்டு வேலை என்று
கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு வியாழன்
கூட்டுத்தொடரின் பொது வித்தியாசத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.
ம் வரவில்லை.

குதிரையில் இது முதலில் முட்டிக்குத்தான் தெரியும்:
அடியில் இருக்கும் உடம்பு
வேறெங்கோ போய்விட்டது என்பது.
அப்பாவின் தோள் இறங்கியது.
வண்டி வேர்க்கடலை வயலைப் பார்த்துத் திரும்பியது.
சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து
ஆகு என்று கத்தினேன்.
அப்பா என்றுதான் கத்தியிருக்க வேண்டும்.

வரப்பில் முன்சக்கரம் ஏறி மெல்லச் சாய்ந்தோம்.
"என்னையே குதிரையாக்கிட்டியா" என்று சிரித்தார்.
பீடி பற்ற வைக்க மூன்று குச்சிகள் ஆயின.
"அம்மாகிட்ட நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லு."

நாய் என்ன நிறம் என்று அம்மா கேட்டாள்.
அப்பா கறுப்பு என்றார்.
நான் செவலை என்றேன்.

அவள் திட்டவில்லை.
முழங்கைக் காயத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டு
காலண்டரைக் கழற்றி
மார்ச் வரைக்கும் வியாழன்களை அடித்தாள்.
ஞாயிறுகளைத் தொடவில்லை.
"அதுவும் தூங்கி எழுந்து, சாப்ட்டுட்டு, வெயில் வந்தப்புறம்."
நான் அழுவதற்குத் தயாராக நின்றிருந்தேன்.
வந்தது வேறு ஏதோ,
தோளிலிருந்து பையை இறக்கியது போல.
அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று
உள்ளே போய்விட்டேன்.

இன்று வியாழன், ஐந்தரை.
உள்ளறையில் அப்பாவின் குறட்டை.
யாரோ ஒருவரின் தறி துள்ளுநடையில் போகிறது.
மேசைக்கடியில் என் முட்டிகள்
நாற்காலியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன.
வென்னெலா இந்நேரம் கேட்டருகே வந்து நின்றிருக்கும்.
அல்லது வந்திருக்காது.
குதிரைக்குக் கிழமை தெரியுமா என்று
ரெட்டியிடம் கேட்டதில்லை.

எட்டாவது கணக்கு வரவில்லை.
அடித்துவிட்டு
மறுபடி முதல் வரியிலிருந்து போடுகிறேன்.