கிளை ஏழு

உம்கேனி சாலை, அடித்தள அறை.
டீசல் வாடை, பதினெட்டு டிகிரிக் குளிர்.
வெளியே ஜெனரேட்டர் மூடியில் உட்கார்ந்து
என் வாழைப்பழத்தை உரிக்கிறது
ஒரு டர்பன் குரங்கு.
மின்வெட்டு அட்டவணை அதற்கும் மனப்பாடம்.
எஞ்சின் உறுமுமுன் இறங்கிவிடுகிறது.

நாங்கள் விற்பது சாவுக்கான காப்பீடு.
மாதம் நாற்பது ரேண்ட்.
முடிவில் பெட்டி, வண்டி, கூடாரம்,
நூறு பேருக்குச் சாப்பாடு.
மூன்று மாதம் கட்டாதவர் பெயரை
இரவு இரண்டு மணிக்குக் கோபால் அடிப்பான்.

கோபால் ஆளில்லை, நிரல்மொழி.
தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது.
சரோஷ்னி வந்த முதல் வாரமே
ஒருமையில் பேச ஆரம்பித்துவிட்டாள்:
கோபால் இன்னும் எழுந்திருக்கவில்லை,
கோபாலுக்கு வயிறு சரியில்லை,
மாதக் கடைசி, அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

எனக்கு இட்ட வேலை
அவனைத் துண்டுதுண்டாக அறுத்து
கேப் டவுன் மேகத்தில் ஏற்றுவது.
பெயருக்கு ஒரு சேவை, பணத்துக்கு ஒன்று,
இறந்தவருக்கு ஒன்று.
ஒன்று விழுந்தால் அதேபோல் இன்னொன்று முளைக்கும்,
யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.
மேகமாம்.
கடலிலிருந்து ஏறிவந்து
துணி காயப்போட்ட அன்றைக்கே கொட்டுவதைப்
பார்த்து வளர்ந்தவள் நான்;
அதில் எதையும் வைத்துவிட்டு வர
மனம் வரவில்லை.

ஆறு வாரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம்.
இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.
காலையில் காப்பியோடு ஒப்பிடுவோம்.
சில்லறை வரை சரி.
பதினொரு பேர் மட்டும்
கோபாலிடம் உயிரோடு,
மேகத்தில் காலாவதி.
மறுநாளும் பதினொன்று. அதே பதினொன்று.

நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டாம் வரியில் கிடைத்தது:
கிளை ஏழு எனில் அடிக்காதே.
காரணம் எழுதவில்லை.
ஓரத்தில் ஆர்.எம். என்று இரண்டெழுத்து,
வெள்ளம் வந்த வருடத்து அக்டோபர்.

ஆர்.எம். யார் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.
கிளை ஏழு ஆற்றங்கரையில் இருந்ததாம்,
வெள்ளத்துக்குப் பிறகு திறக்கவேயில்லையாம்.
யார் கட்டினார், யார் கட்டவில்லை
என்றிருந்த பேரேடு தண்ணீரோடு போயிருக்கும்.
மிச்சத்தை நானாக ஊகித்துக்கொண்டேன்.

தொலைபேசி எண் சரிபார்க்கும் சாக்கில்
ஒருவரை அழைத்தேன். திருமதி அலமேலு சின்னப்பன், சாட்ஸ்வர்த்.
‘நான் இன்னும் இருக்கிறேனா என்று பார்க்கிறீர்களா?’
ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
எண் சரிதான் அம்மா, என்றேன்.

மேலாளர் சொன்னது: பழைய பிழையை
புது வீட்டுக்குத் தூக்கிப் போகாதே.
நியாயம்தான்.
அன்றிரவு ஒரு சிறு சேவை எழுதினேன்,
பத்தொன்பது வரி, ஒரே ஒரு நிபந்தனை.
குறிப்பில் ‘வணிக விதி, தொடர்கிறது’ என்று போட்டு
ஓரத்தில் ஆர்.எம். பெயரை அப்படியே விட்டேன்.
பரிசீலித்த ம்தோகொசிசி நெடுநேரம் ஏதும் எழுதவில்லை.
பிறகு ஒரு சொல்: யெபோ.

ஞாயிறு இரவு இரண்டு மணி.
கோபாலை அணைத்தோம்.
விசிறிகள் நின்று முடிக்க அரை நிமிடம் ஆயிற்று.
சரோஷ்னி ஏனோ கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

திங்கட்கிழமை குரங்கு வந்தது,
ஜெனரேட்டர் இருந்த இடத்தில் நான்கு துளைகளைப் பார்த்து
என்னைப் பார்த்தது.

பதினொருவரில் ஒருவர் வியாழனன்று இறந்தார்.
திருமதி சின்னப்பன் இல்லை, வேறொருவர்.
அந்தப் பத்தொன்பது வரி ஒருமுறை எழுந்தது,
ஏழா என்று கேட்டது, ஏழுதான்,
மறுபடி படுத்துக்கொண்டது.
பெட்டி. வண்டி. கூடாரம்.
சாப்பாட்டுக்கு நூற்றிருபது பேர் வந்ததாகக்
கூடாரக்காரர் கூடுதல் பில் அனுப்பியிருக்கிறார்.
அதற்கு இன்னும் சேவை எழுதவில்லை.